பால் வாங்கப் போன கூடை

மொத்த மார்க்கெட்டின் மேற்கு வாசலில் மூட்டை தூக்குகிறவர்கள் யாரும் போனை இடுப்பில் வைத்துக்கொண்டு வேலை செய்வதில்லை. ஒரு மழைக்காலத்தில் உருளைக்கிழங்கு மூட்டையோடு லாரிப் பலகையில் ஏறிக்கொண்டிருந்த ஒருவனுக்கு இடுப்பில் போன் அடித்தது. எடுக்கலாம் என்று ஒரு கையை விட்டான். மூட்டையும் அவனுமாகச் சேற்றில் விழுந்தார்கள். மூட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை, அவன் மூன்று மாதம் படுக்கையில் கிடந்தான். அன்றைக்கு மேஸ்திரி வைத்ததுதான் இந்த ஏற்பாடு. சும்மாட்டைத் தலையில் வைப்பதற்கு முன்னால் போன் டீக்கடைக் கூடைக்குப் போய்விட வேண்டும். மதியம் லோடு முடிந்தபிறகு அவரவர் எடுத்துக்கொள்ளலாம்.

கூடை டீ மாஸ்டரின் மனைவியுடைய பொறுப்பு. அடியில் பழைய துண்டு ஒன்றை மடித்து விரித்திருப்பாள். முப்பது சொச்சம் போனில் எது அடித்தாலும், பார்க்காமலே யாருடையது என்று சொல்லிவிடுவாள். விடாமல் அடித்தால் எடுத்து, "அவரு லோடுல இருக்காரு, என்னன்னு சொல்லு" என்பாள். வீட்டில் கேஸ் தீர்ந்ததும், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்ததும், மாமியார் கோபித்துக்கொண்டு போனதும் முதலில் அவளுக்குத்தான் தெரியும். டீ குடிக்க வரும்போது அவனவனுக்கு உரிய சேதியைக் கடை முழுக்கக் கேட்கிற குரலில் சொல்லுவாள். ரகசியம் காக்கும் பழக்கம் அவளுக்கு அறவே கிடையாது. எல்லாரும் அவளைக் கூடையக்கா என்றே கூப்பிட்டார்கள்.

மாஸ்டருக்குக் கூடையைத் தொட அனுமதி இல்லை. ஒருமுறை மேஸ்திரியின் புதுப் போனை எடுத்துக் கொடுக்கப்போய், ஈரக் கையிலிருந்து நழுவி அது கொதிக்கிற பாலுக்குள் போய்விட்டது. அந்தப் பாலில் மாஸ்டர் அன்றைக்கு டீ போட்டாரா இல்லையா என்பது பற்றி மார்க்கெட்டில் இன்றும் இரண்டு கட்சி உண்டு. அதற்குப்பிறகு அக்கா எங்கே போனாலும் கூடையைக் கையோடு கொண்டு போனாள்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த குடும்பத்தில்தான் இடி விழுந்தது. ஒரு சாயங்காலம் வீட்டில் அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். சாதா உடையில் நாலு பேர் வந்தார்கள். இரண்டு பேர் பெண்கள். "தேசப் பாதுகாப்புச் சட்டத்துல உங்களைக் காவல்ல எடுக்கிறோம்" என்றார் அவர்களில் மூத்தவரான அதிகாரி. மரியாதையாகத்தான் சொன்னார்.

"எதுக்குங்க சார்?" என்றார் மாஸ்டர்.

"காரணம் சொல்லணும்னு சட்டத்துல இல்லை."

"கையைக் கழுவிக்கிறேன், வெங்காய வாடை அடிக்குது" என்றாள் அக்கா. கழுவினாள். துண்டில் துடைத்தாள். அடுப்பை அணைத்துவிட்டுத்தான் ஜீப்பில் ஏறினாள். மாஸ்டர் பாதி உரித்த வெங்காயத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

மாஸ்டரின் நெஞ்சை அறுத்த விஷயம் ஒன்று உண்டு. அந்தச் சட்டம் வந்தபோது மேற்கு வாசலில் அதற்குக் கொடி பிடித்தவரே அவர்தான். முந்தின வருஷம் அதே வாசலில் குண்டு வெடித்தது. கைவண்டிக்காரர் ஒருவர் அங்கேயே செத்துப்போனார். அக்காவின் தம்பிக்கு இடது காது போயிற்று. அவனும் அங்கே மூட்டை தூக்குகிறவன்தான். மாஸ்டருக்கு மச்சான், இந்தக் கதையிலும் அவனுக்கு அதே பெயர் இருக்கட்டும். அவனை ரத்தத்தோடு தூக்கிக்கொண்டு ஓடியது மாஸ்டர். அதனால், யாருடைய போன் எங்கே போகிறது என்று அரசாங்கம் பார்த்துக்கொண்டே இருக்கலாம், கேட்டுக்கொண்டே இருக்கலாம் என்று சட்டம் வந்ததும் அவர் டீயை ஓர் ஆள் உயரத்துக்கு ஆற்றியபடி, "பாக்கட்டுமே, தப்பு பண்ணாதவனுக்கு என்ன பயம்?" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கேட்டார்.

இப்போது அந்தக் கேள்வி அவரிடமே திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. கடையைத் திறந்தார். ஒரே டம்ளருக்கு இரண்டு தடவை சர்க்கரை போட்டார், அடுத்த டம்ளருக்குப் போடவே இல்லை. முட்டை வெந்து வெடித்தது. ஆணியில் கூடை காலியாகத் தொங்கியது. ஆட்கள் போனைப் பையிலேயே வைத்துக்கொண்டு லோடு ஏற்றினார்கள். முட்டைக்கோஸ் மூட்டைக்கு அடியில் ஒரு வாரத்துக்குள் ஐந்தாறு போன் கண்ணாடிகள் உடைந்தன. போன் உடைந்தவன்கூட மாஸ்டரிடம் வந்து முறையிடவில்லை. கடை அவ்வளவு அமைதியாக இருந்து யாரும் பார்த்ததில்லை.

சில பேர் வரவே இல்லை. கடைப் பக்கம் போனால் நம்ம பேரும் சேர்ந்துவிடும் என்று பயம். மேஸ்திரி மட்டும் வழக்கத்தைவிட ஒரு டீ கூடுதலாகக் குடித்தார், எல்லாருக்கும் தெரிகிற மாதிரி வாசலிலேயே நின்று குடித்தார்.

ஒரு மழை நாளில் லோடு முடிந்தபிறகு மச்சான் வந்து உட்கார்ந்தான். நல்ல காதை மாஸ்டர் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"வக்கீலம்மா என்ன சொல்றாங்க மாமா?"

"ரிவியூன்னு ஒண்ணு வருதாம். ஒரு ஜட்ஜம்மா பாப்பாங்களாம். அவங்க விடச் சொன்னா விடுவாங்க. இல்லேன்னா இன்னும் ஒரு வருஷம் உள்ளதான். அப்புறம் மறுபடியும் ஒரு வருஷம்கூட போடலாமாம்."

"என்ன குத்தம்னு சொன்னாங்களா?"

"அதச் சொன்னா நாட்டுக்கு ஆபத்தாம். என்ன குத்தம்னே தெரியாம அந்த வக்கீலம்மா எதுக்குன்னு பதில் சொல்லும்? பாவம், அதுவும் சின்னப் பொண்ணு. எனக்கு முன்னாடியே அதுக்கு அழுகை வந்துருச்சு."

மச்சான் பன்னைப் பிட்டு டீயில் நனைத்தான். சாப்பிடவில்லை.

"நீங்கதான மாமா சொன்னீங்க, தப்பு பண்ணாதவனுக்கு என்ன பயம்னு."

"சொன்னேன். வெட்கமா இருக்குடா. உன் காதுலேருந்து ரத்தம் வழிஞ்சத கையில ஏந்தினவன் நான். இன்னொருத்தனுக்கு அப்படி ஆகக் கூடாதுன்னுதான் சொன்னேன்."

"நான் மட்டும் என்ன, வேணாம்னா சொன்னேன்? இப்பவும் சொல்றேன், பாக்கணும். அன்னிக்கு ஒருத்தன் பாத்திருந்தா எனக்கு ரெண்டு காது இருக்கும். ஆனா எங்க அக்காவ எதுக்கு மாமா பாக்கறாங்க? அதுக்கு ஒரு சேதி தெரிஞ்சா மார்க்கெட்டே கேக்குற மாதிரி கத்தும். அதப் போயி ஒளிஞ்சு கேக்கணுமா?"

மாஸ்டருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் அழுகையும் வந்தது. மச்சான் எழுந்து பாய்லருக்குத் தண்ணீர் ஊற்றினான், இருந்த இடத்தில் இருந்தால் தானும் அழுதுவிடுவான் என்று.

சிறையில் கண்ணாடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து பேச வேண்டும். பக்கத்தில் ஒரு காவலர் காதில் கருவியோடு இருந்தார். கேஸைப் பற்றி ஒரு வார்த்தை வந்தாலும் இணைப்பைத் துண்டித்துவிடுவோம் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள்.

"சாப்பிட்டீங்களா?" என்றாள் அக்கா.

"சாப்பிட்டேன்."

"பொய். சட்டை காலர் தொளதொளன்னு கிடக்கு. கூடை எங்க?"

"ஆணியில மாட்டியிருக்கு."

"காலியாவா?"

"யாரு போடுவாங்க?"

"கூடைய நீங்க தொட்டாலும் பரவாயில்லன்னு இப்ப தோணுது" என்றாள். அவ்வளவு வருஷக் குடித்தனத்தில் மாஸ்டருக்குக் கிடைத்த பெரிய சலுகை அதுதான். அவர் கண்ணாடிமேல் கையை வைத்தார். அவளும் வைத்தாள். கண்ணாடி சில்லென்று இருந்தது.

விசாரணை அன்றைக்கு வக்கீலம்மா விடாமல் போராடி இரண்டு விஷயம் வாங்கியிருந்தாள். ஒன்று, வீட்டு ஆட்கள் இரண்டு பேர், மாஸ்டரும் மச்சானும், உள்ளே இருக்கலாம். இன்னொன்று, அரசாங்கம் தன் ஆதாரத்தை நீதிபதிக்கு மட்டும் இல்லாமல், அறைக்குள் இருக்கிற எல்லாருக்கும் தெரிகிற மாதிரி காட்ட வேண்டும்.

நீதிமன்ற முற்றத்தின் வெளிவாசலில் ஒரு காவலாளி உட்கார்ந்து எல்லாருடைய போனையும் வாங்கி ஒரு பிளாஸ்டிக் தட்டில் போட்டுக்கொண்டிருந்தார். வக்கீல்கள் கொடுத்தார்கள். அந்த அதிகாரியும் கொடுத்தார். ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்த சத்தம் மாஸ்டருக்குப் பொறுக்கவில்லை.

"அடியில ஒரு துண்டு விரிங்க சார். கண்ணாடி கீறிரும்."

காவலாளி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "உங்க வேலையப் பாருங்க."

உள்ளே நீதிபதி மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி இருந்தார். நரைத்த தலை, அதிகம் பேசாத முகம். அக்காவைக் கொண்டுவந்து கூண்டுக்குள் நிறுத்தினார்கள். மாஸ்டர் அவளைப் பார்த்தார். அவள் அவருடைய சட்டைக் காலரைப் பார்த்தாள்.

அதிகாரி சுவரில் இருந்த திரையைப் போடச் சொன்னார். நகரத்தின் வரைபடம் வந்தது. அதில் மஞ்சள் புள்ளிகள்.

"ஒவ்வொரு புள்ளியும் ஒரு ஆளோட போன்" என்று தொடங்கினார் அதிகாரி. "தினமும் விடியக்காலையில முப்பது பேருக்கு மேல மேற்கு வாசல் டீக்கடையில கூடறாங்க. மதியம் வரைக்கும் யாரும் இடத்தை விட்டு அசையறதில்லை. யாரும் யாருக்கும் போன் பண்றதில்லை. வெளியிலேருந்து யார் எந்த நம்பருக்குக் கூப்பிட்டாலும் எடுக்கிறது ஒரே பெண் குரல். இந்தம்மாவோட குரல். எல்லாத்தையும்விட முக்கியமானது இதுதான்." புள்ளிகள் நகரத் தொடங்கின. "ஒரு நாள் காலையில அத்தனை பேரும் ஒண்ணா, ஒரே பஸ்ல கிளம்பறாங்க. வாட்டர் ஒர்க்ஸுக்குப் பின்னால போய் நிக்கிறாங்க. ரொம்ப நேரம் நிக்கிறாங்க. ஒண்ணாவே திரும்பறாங்க. இந்த ஊரே குடிக்கிற தண்ணி அங்கேருந்துதான் வருது. யார் கூட வந்ததுன்னு இவங்ககிட்ட எத்தனையோ தடவை கேட்டாச்சு. தனியாப் போனேன்னு ஒரே பதில்."

வக்கீலம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை.

மாஸ்டர் திரையையே பார்த்தார். தன் கடையின்மேல் அப்பியிருந்த அந்த மஞ்சள் கொத்தைப் பார்த்தார். கடையில் இருப்பது நாலு பேர் நெருக்கி உட்காருகிற ஒரு பெஞ்சு. இந்த முப்பது பேரும் அதில் எங்கே உட்கார்ந்தார்கள்? அப்போதுதான் அவருக்குப் பால் வண்டி ரிப்பேரான நாள் ஞாபகம் வந்தது. அடிவயிற்றிலிருந்து கிளம்பிய சிரிப்பை அடக்க வாயில் துண்டை வைத்தார். துண்டையும் மீறிக்கொண்டு வந்துவிட்டது.

"யாரது?" என்றார் நீதிபதி. "மனைவி கூண்டுல நிக்கிறப்போ உங்களுக்கு என்ன சிரிப்பு?"

மாஸ்டர் எழுந்தார். கண்ணில் தண்ணீர் வழிந்தது.

"மன்னிச்சிருங்கம்மா. அது ஆளு இல்லைங்க. கூடை."

"என்ன கூடை?"

"எங்க கடைக் கூடைங்க. லோடு ஏத்துறவங்க போனை அதுலதான் போட்டு வைப்பாங்க. ஆளுங்க எல்லாம் லாரிகிட்ட இருப்பாங்க, போன் மட்டும்தான் கடையில இருக்கும். அன்னிக்குப் பால் வண்டி ரிப்பேரு. பால் பண்ணை வாட்டர் ஒர்க்ஸுக்குப் பின்னாடிதான் இருக்கு. இவ கேனை எடுத்துக்கிட்டுப் போனா. கூடையை என்கிட்ட விட்டுட்டுப் போக மாட்டா, நான் ஒரு தடவை ஒரு போனைப் பாலுக்குள்ள போட்டுட்டேன். அதனால மடியில வெச்சுக்கிட்டே பஸ்ல போனா."

அக்கா திரையைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கும் அப்போதுதான் விளங்கியது.

"தனியாத்தான் போனேன்னு நான் சொன்னேனே சார்" என்றாள் அதிகாரியிடம்.

"கூடையைப் பத்தி நீங்க சொல்லவே இல்லையே."

"யார் கூட வந்தாங்கன்னுதான கேட்டீங்க. மடியில என்ன இருந்துச்சுன்னு கேக்கலையே. கேட்டிருந்தா முதல் நாளே சொல்லியிருப்பேன்."

அதிகாரி சுதாரித்துக்கொண்டார். "மேடம், இது இப்ப ஜோடிச்ச கதையா இருக்கலாம். போன் இருக்கிற இடத்துலதான் ஆள் இருப்பாங்க. எங்க முறையே அதை வெச்சுத்தான்."

வக்கீலம்மா எழுந்து நின்றாள். மாஸ்டரைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். காவலாளியிடம் அவர் துண்டு விரிக்கச் சொன்னது அவள் காதிலும் விழுந்திருந்தது.

"சார், இந்தத் திரையில இப்ப, இந்த நிமிஷம் ஒரு போன் எங்க இருக்குன்னு காட்ட முடியுமா?"

"முடியும்."

"அப்போ உங்க நம்பரைப் போடுங்க. என் நம்பரையும் போடுங்க, எனக்குச் சம்மதம். வேற யாரோடதையும் தொட வேண்டாம்."

அதிகாரி நீதிபதியைப் பார்த்தார். நீதிபதி தலையசைத்தார். வரைபடம் நகர்ந்து, நீதிமன்றத்தின் கூரையும் முற்றமும் வந்தன. இரண்டு மஞ்சள் புள்ளிகள் தெரிந்தன, ஒன்றோடு ஒன்று உரசிக்கொண்டு, முற்றத்துக்கு அந்தக் கடைசியில், வெளிவாசல் காவலாளியின் மேசைமேல்.

நீதிபதி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்.

"இதன்படி பார்த்தா, நீங்க ரெண்டு பேரும் இப்ப இந்த அறையிலேயே இல்லை. வாசல்ல காவலாளியோட ரகசியம் பேசிட்டிருக்கீங்க."

அறையே சிரித்தது. கூண்டுக்குப் பக்கத்தில் நின்ற பெண் காவலர்கூடச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அதிகாரி சிரிக்கவில்லை, ஆனால் மறுக்கவும் இல்லை.

"ஒரு கேள்வி" என்றார் நீதிபதி அவரிடம். "இத்தனை நாள்ல உங்க ஆள் ஒருத்தராவது அந்தக் கடைக்குப் போய் ஒரு டீ குடிச்சாங்களா?"

"இல்லை மேடம். சட்டப்படி அது தேவையில்லை."

அப்போது மச்சான் எழுந்தான். கேட்காமலே எழுந்துவிட்டான். "அம்மா, நான் ஒண்ணு சொல்லலாமா? எனக்கு ஒரு காது இல்லை. எங்க வாசல்ல வெச்ச குண்டுலதான் போச்சு. இவரு மேல எனக்குக் கோபம் பாக்கறாருன்னு இல்லை. பாக்கணும். ஆனா இவரு இத்தனை நாளா எங்க அக்கா கூடையைப் பாத்துக்கிட்டிருந்தப்போ, நெசமாவே பாக்க வேண்டியவனை யாரு பாத்துக்கிட்டிருந்தாங்க?"

அதிகாரி தலை குனிந்தார். அந்த ஒரு கேள்விதான் அவரைத் தொட்டது என்று மாஸ்டருக்குப் பட்டது.

நீதிபதி உத்தரவைச் சொல்ல அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. அக்காவை அன்றைக்கே விட வேண்டும். அந்த முப்பது சொச்சம் பேரைப் பற்றிச் சேர்த்து வைத்ததையெல்லாம் அழிக்க வேண்டும். "நாட்டுக்குக் காவல் வேணும், அதுல சந்தேகமே இல்லை" என்றார். "சந்தேகம் இருந்தா ஆளைச் சொல்லி, காரணத்தைச் சொல்லி, ஒரு நீதிபதிகிட்ட அனுமதி வாங்கிட்டுப் பாருங்க. எல்லாரையும் பாக்கிறேன்னு யாரையும் பாக்காம இருக்காதீங்க. ஒருத்தரைப் பிடிச்சா ஏன்னு அவங்ககிட்ட சொல்லுங்க. இவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, இவங்க கூடையைக் காட்டியிருப்பாங்க. எல்லாரும் வேலையைப் பாக்கப் போயிருக்கலாம்."

சேதி அவர்களுக்கு முன்னால் மார்க்கெட்டுக்குப் போய்விட்டது. பஸ் மேற்கு வாசலில் நின்றபோது லோடு நின்றிருந்தது. மழைக்கும் வெயிலுக்கும் நிற்காத லோடு. அக்கா இறங்கியதும் முப்பது பேரும் சும்மாட்டை அவிழ்த்து மேலே வீசினார்கள். மேஸ்திரி கைதட்ட ஆரம்பித்தார், வாசல் முழுக்கத் தட்டியது. வெங்காய வண்டிக்காரர் ஹாரனை அமுக்கியவர் கையை எடுக்கவே இல்லை. கடைப்பக்கம் வரப் பயந்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள், கொஞ்சம் பின்னால். அவள் அவர்களையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

பிறகு கடைக்குள் போனாள். "பாய்லர் ஏன் இப்படிக் கறுத்துக் கிடக்கு?" என்றாள். மாஸ்டருக்கு அப்போதுதான் அவள் வந்துவிட்டாள் என்று முழுசாக நம்பிக்கை வந்தது. மார்க்கெட்டே பார்க்க அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் விடியலில் அவள் கூடையை ஆணியிலிருந்து எடுத்தாள்.

"இனிமே இது வேணாம்மா" என்றார் மாஸ்டர். "பட்டது போதும்."

"எதுக்கு வேணாம்? நம்ம பேர்ல என்ன தப்பு? இதை ஒளிச்சு வெச்சா ஜட்ஜம்மா சொன்னதுக்கு என்ன மரியாதை?" துண்டை உதறி மடித்து உள்ளே விரித்தாள். வாசலில் வந்து நின்று குரல் கொடுத்தாள். "போனை எடுத்துக்கிட்டு வாங்கடா. உடைஞ்சதையும் கொண்டு வாங்க, பாக்கிறேன்."

வந்தார்கள். பயந்தவர்கள் முதலில் வந்து போட்டார்கள். கிழக்கு வாசல் ஆட்களும் கேள்விப்பட்டு வந்தார்கள். கூடை போதவில்லை, இன்னொரு துண்டை விரித்துப் பக்கத்திலேயே ஒரு காய்கறிக் கூடை வைத்தாள்.

சில நாள் கழித்து ஒரு காலையில் அந்த அதிகாரி வந்தார். தனியாக வந்தார், நடந்து வந்தார்.

"டீ குடிக்கலாம்னு வந்தேன்" என்றார். "லோடு ஏத்துற இடத்தையும் நேர்ல பாக்கணும்."

பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து தள்ளி நின்றார்கள். மச்சான் மட்டும் நகர்ந்து பெஞ்சில் இடம் விட்டான்.

"தாராளமாப் பாருங்க சார்" என்றாள் அக்கா. "போனை இதுல போட்டுருங்க. லாரிகிட்ட போனோட யாரையும் மேஸ்திரி விட மாட்டாரு."

அதிகாரி கூடையைப் பார்த்தார். மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி ஆமாம் என்று தலையசைத்தார். அவர் போனை எடுத்து, துண்டுமேல் பதமாக வைத்தார். மச்சான் அவரைப் பலகையருகே கூட்டிப்போய், குண்டு வெடித்த தூணையும், வண்டி ஏறுகிற இடத்தையும், யாரும் கவனிக்காத பின்பக்கச் சந்து வழியையும் காட்டினான். அவர் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டார், குனிந்து பார்த்தார். திரும்பி வந்தபோது செருப்பெல்லாம் சேறு.

மாஸ்டர் கடுந்தேநீர் கொடுத்தார். "பால் இல்லைங்க சார், வண்டி இன்னிக்கும் ரிப்பேரு."

அவர் குடித்தார். நன்றாக இருக்கிறது என்றார். பொய்யில்லை, டம்ளரைக் காலி செய்தார். எழுந்து கூடை இருந்த இடத்தைப் பார்த்தார். அங்கே காய்கறிக் கூடைதான் இருந்தது, அக்காவையும் காணோம்.

"என் போன் எங்க?"

மாஸ்டர் டீயை ஓர் ஆள் உயரத்துக்கு ஆற்றினார். ரொம்ப நாளைக்கப்புறம் ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

"வாட்டர் ஒர்க்ஸ் பக்கம் போயிருக்குங்க சார். உக்காருங்க, பால் வாங்கிட்டு வந்துரும்."